சகுராவா, செர்னா?

பள்ளி மாணவர்களை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அழைத்துப்போகும் இந்த இரண்டு திட்டங்களும் 2014-இல் தொடங்கியவை. ஜப்பானின் சகுரா சயின்ஸ் ஏறக்குறைய ஒரு வாரம்: பல்கலைக்கழகம், ஆய்வகம், விரிவுரை. பெரும்பாலும் பார்ப்பதும் கேட்பதும்தான். எந்தத் துறை பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு, சரி, அதுவே போதும்.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் 'பீம்லைன் ஃபார் ஸ்கூல்ஸ்' வேறு ரகம். குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, துகள் கற்றையை (அதிவேகமாகப் பாயும் நுண்துகள்களின் ஓட்டத்தை) வைத்து எதைச் சோதிக்கப்போகிறோம் என்று முன்மொழிவு எழுதிப் போட்டியில் வெல்ல வேண்டும். வென்றால், அந்தத் துகள்களுக்கு வேகமூட்டும் நிஜ முடுக்கியில் சொந்தச் சோதனை! பராமரிப்புக்காகச் செர்ன் முடுக்கிகள் நின்றிருந்த காலத்தில் ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகம் இடம் கொடுத்தது. என் ஓட்டு செர்ன் திட்டத்துக்குத்தான். தோற்றாலும், முன்மொழிவுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட மாதங்களில் கற்றது கையில் இருக்கும்.