மொழங்காலுக்கு கோயமுத்தூர்ல பாத்த டாக்டர்

என்ற பையன் கபடி ஆடறவனுங்க. போன தை மாசம் கோபி பக்கம் ஒரு டோர்னமெண்ட்ல ரைடு போய்ட்டு திரும்பறப்ப மொழங்காலுக்குள்ள டப்புனு சத்தம் கேட்டுச்சாமா, அப்புடியே உக்காந்துட்டான். மொதல்ல போன எடத்துல ஸ்கேனை மட்டும் பாத்தாங்க, காலைத் தொடக்கோட இல்லைங்க, ஏசிஎல் (மொழங்காலுக்குள்ள எலும்பைப் புடிச்சிருக்குற நாரு) கிழிஞ்சிருக்கு நாளான்னிக்கே ஆப்பரேசன்னு அட்வான்ஸ் சீட்டு எழுதிட்டாங்க. எனக்கு ஒரே வெசனம். அப்பறம் கோச் தான் இவருகிட்ட அனுப்புனாரு.

இவரு எம்எஸ் ஆர்த்தோ, அதாவது எலும்பு டாக்டர், அதுக்கு முன்னாடி ஹர்டில்ஸ்ல நேஷனல்ஸ் ஓடுனவரு. எம்பிபிஎஸ் அஞ்சரை வருசம், எம்எஸ் மூணு வருசம், ஓட்டத்துக்கு எங்கீங்க நேரம்னு கேட்டா செவுத்துல இருக்குற படத்தைக் காட்டறாரு. எரிக் ஹைடனாமா, அமெரிக்காக்காரரு, 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ஐஸ் ஸ்கேட்டிங், 500 மீட்டர்ல இருந்து 10,000 மீட்டர் வரைக்கும் அஞ்சு போட்டி, அஞ்சுலயும் தங்கம். பொறவு சைக்கிளுக்கு மாறி 1986 டூர் டி பிரான்ஸ்ல விழுந்து அடிபட்டு, ஸ்டான்ஃபோர்டுல டாக்டருக்குப் படிச்சு எலும்பு டாக்டராவே ஆயிட்டாரு, அவங்கப்பாவும் எலும்பு டாக்டர் தானாமா. இந்த நாயத்துலயே பத்து நிமிசம் போச்சு, வெளிய கூட்டம் நிக்குது!

ஆனா பாக்கறப்ப நல்ல காலைத்தான் மொதல்ல இழுத்துப் பாத்தாரு. எந்தக் காலை ஊணி திரும்புவே கண்ணு, லீக் எப்பன்னு கேட்டாரு. கபடி வேண்டாம்னா ஆப்பரேசன் இல்லாமயே சமாளிக்கப் பாக்கலாம், ஆடணும்னா பண்ணிக்கறது நல்லது, அதுவும் வீக்கம் எறங்கி காலு முழுசா நீட்ட வந்த பொறவுன்னு மூணு வாரம் பிசியோவுக்கு அனுப்பிட்டாரு. அப்பறம் தான் தொடைக்குப் பின்னாடி இருந்து நாரு எடுத்து வெச்சாரு.

நாலாவது மாசம் வலியே இல்லீங் சார் ஆடட்டுமான்னு இவன் கேக்க, மனுசன் ஷூவைக் கழட்டிட்டு தரையில ஒட்டியிருக்குற மஞ்ச டேப் மேல ஒத்தக்கால்ல தாவிக் காட்டுனாரு. இவனும் தாவுனான், நல்ல காலு ஒன்றரை மீட்டர், ஆப்பரேசன் காலு ஒரு மீட்டரைத் தாண்டலை. ஒம்பது மாசம் முடியறதுக்கு முன்னாடி மைதானத்துப் பக்கமே போகாத, நான் அஞ்சு மாசத்துல ஓடி மறுபடி கிழிச்சுக்கிட்டவன், அதனாலதான் இந்தச் சேர்ல உக்காந்திருக்கேன்னாரு. நான் சொல்லி கேக்காத பய அன்னிக்கு வாயே தொறக்கலை.

கொறைன்னா ரெண்டரை மணி நேரம் காத்திருக்கணும், டோக்கன் ஒரு வரிசையும் கெடையாது, பிசியோவுக்கு தனியா காசு. போனா பையனுக்கு ட்ரவுசர் போட்டு கூட்டிட்டு போங்க, இவன் ஜீன்ஸ்ல போய் தாவ முடியாம முழிச்சான்.