பழைய பிஎஸ்ஏ ஏ10-க்குப் பாகம்: பெட்டிச் சரக்கா, சந்தையா, புதுத் தயாரிப்பா?

பிஎஸ்ஏ ஏ10 என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளுக்குப் பாகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் ஆலையில் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் தயாரிப்பு 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோனது உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் பெரும்பாலான பாகங்களை பிரிட்டனில் இன்றைக்கும் காசு கொடுத்தால் வாங்கலாம். தலைவலி வேறு. ஒரே பாகம் பல வழிகளில் வருகிறது. அந்தக் காலத்தில் செய்து விற்காமல் பெட்டியிலேயே கிடந்தது ஒன்று, வேறு வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று, இப்போது புதிதாகச் செய்தது ஒன்று. இவை எதுவும் வேண்டாமென்று கையில் இருப்பதையே சரிசெய்துகொள்ளவும் முடியும். புதிதாக இந்த வண்டியை வாங்குபவர்கள் "எந்தக் கடை நல்ல கடை?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பாகத்துக்கு எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கியருக்குச் சரியான வழி கண்டென்சருக்குச் சரிப்படாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களிடம் இருப்பது எந்த ஏ10 என்று தெரிந்தாக வேண்டும். பெர்ட் ஹாப்வுட் வடிவமைத்த 646 சிசி ஏ10 கோல்டன் ஃப்ளாஷ் 1950 மாடலாக வந்து, 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது. இடையில் ஏகப்பட்ட மாற்றங்கள். பின்சக்கரம் ஸ்பிரிங்கில் நேராக ஏறி இறங்கும் பிளஞ்சர் சஸ்பென்ஷன் வண்டியில் கியர்பாக்ஸ் இன்ஜினின் முதுகோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பின்சக்கரத்தைக் கீல் போட்ட கவை தாங்கும் ஸ்விங்கிங் ஆர்ம் வண்டியில் அது தனியாக நிற்கும். ஒன்று மற்றதில் ஏறாது. சிலிண்டரின் அடி விளிம்பு முதலில் மெல்லியதாக இருந்து பிறகு தடித்தது. கார்புரேட்டர் 1955 வாக்கில் அமால் 276-இலிருந்து மோனோபிளாக் 376-க்கு மாறியது. போதாக்குறைக்கு இத்தனை வருடங்களில் இன்ஜினும் பிரேமும் ஜோடி மாறிப்போன வண்டிகள் நிறைய. இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு பிஎஸ்ஏ ஓனர்ஸ் கிளப்பிடமோ, பர்ட்டன் அப்பான் டிரென்டில் இருக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடமோ கேட்டால் வண்டியின் வருடத்தைச் சொல்வார்கள்.

அப்புறம் அந்த வருடத்துக்கான பாகப் புத்தகம். மறுபதிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஏ10-க்கென்றே செய்த பாகங்களின் எண் பெரும்பாலும் 67 என்று தொடங்கும். பிஎஸ்ஏவின் பி31, பி33 வண்டிகளோடு பொதுவாக உள்ளவை 65 என்று தொடங்கும். இது தெரிந்திருந்தால் "பி33 ஃபோர்க் பாகம்" என்று எழுதி வைத்திருப்பதிலும் உங்களுக்கு வேண்டியது இருக்கும். பெயரைச் சொல்லித் தேடாமல் எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு

மெழுகுத் தாளில் சுற்றி, மேலே பிஎஸ்ஏ சீட்டு ஒட்டி, கிரீஸ் காய்ந்துபோய்க் கிடக்கும் ஒரு கியரைக் கையில் எடுத்தால் யாருக்கும் மனம் இளகும். கியர், கேம்ஷாஃப்ட், ஸ்ப்ராக்கெட், சக்கர ஸ்பிண்டில், அந்தக் கால ஹெப்போலைட் பிஸ்டன், ரிங் செட் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எஃகும் அதன் பதமும் தொழிற்சாலையில் முடிவானவை. துரு ஏறாமல் இருந்தால் அறுபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். விலை கூடுதலாக இருந்தாலும் நான் கொடுப்பேன்.

ஆனால் இதே மோகம் ரப்பர், மின்சாரப் பாகங்கள் பக்கம் போனால் ஆபத்து. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கே2எஃப் மேக்னெட்டோவை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுழலும் ஆர்மெச்சரில் ஒரு கண்டென்சர் புதைந்திருக்கிறது. அதன் மின்காப்பு வருடம் போகப் போகத் தானாகவே கெடும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். காலையில் முதல் உதையில் வண்டி பிடிக்கும். அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் பெட்ரோல் போட நிறுத்துவீர்கள். அதற்குப் பிறகு எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். பெட்டி பிரிக்காத ஆர்மெச்சர் என்று பெரும் விலை கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே வயதுள்ள கண்டென்சர்தான். அதன் சுருளில் பூசிய அரக்கும் சூட்டில் இளகி வெளியே வழியும். இதற்கு உங்கள் மேக்னெட்டோவையே அனுப்பி, புதுச் சுருள் சுற்றி, இன்றைய கண்டென்சர் வைத்துத் திரும்ப வாங்குவதுதான் வழி.

டயருக்கும் இதே கதைதான். ஏ10-க்கு முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம்; அந்த அளவில் புது டயர் தாராளமாகக் கிடைக்கிறது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழைய பெட்ரோல் குழாயையும் தொடாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டன் பங்குகளில் சாதாரண பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரும், டேங்குக்குள் ஊற்றும் பழைய வகைப் பூச்சும் அதில் கரைந்து கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பழைய பெட்டிச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரிட்டன் அதை 1999-இல் முழுமையாகத் தடை செய்துவிட்டது. உங்கள் ஷூவையே கொடுத்துப் புது லைனிங் ஒட்டி வாங்குங்கள்.

சந்தையில் கிடப்பவை

ஹாம்ப்ஷயரின் பியூலி உதிரிச் சந்தை 1967 முதல் நடக்கிறது, வழக்கமாக செப்டம்பரில். ஸ்டாஃபோர்டு கண்காட்சி ஏப்ரலிலும் அக்டோபரிலும். இங்கே கடை போடுபவர்களில் பலர் தங்கள் கொட்டகையைக் காலி செய்பவர்கள். புதிதாக யாரும் செய்யாத சின்னஞ்சிறு பாகங்கள், ஒரு பிராக்கெட், டூல்பாக்ஸ் மூடி, சரியான மரையுள்ள ஆக்ஸில் நட்டு, இவற்றுக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை. பழைய மட்கார்டில் துளைகள் தொழிற்சாலை போட்ட இடத்திலேயே இருக்கும். அது ஒன்றுக்காகவே நசுங்கினதை வாங்கித் தட்டி நிமிர்த்தலாம்.

கேம்ஷாஃப்ட் வாங்கும்போது துணியால் துடைத்துவிட்டு, புடைத்த பகுதியின் உச்சியில் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் தட்டக்கூடாது. வழவழவென்று மின்னுவதில் தவறில்லை. ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரிந்தால் கடினமான மேல்தோல் உரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கியரில் பல்லின் பக்கத்தைவிட டாக் என்று சொல்லும் கொக்கிகளின் முனையைப் பாருங்கள். முனை உருண்டிருந்தால் ஓட்டும்போது கியர் தானாக நழுவும். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் பாதி ஒன்றை மட்டும் ஒருபோதும் வாங்காதீர்கள். இரண்டு பாதிகளையும் ஜோடியாகச் சேர்த்துத்தான் கடைந்தார்கள்.

சந்தையில் நான் வாங்கவே வாங்காத ஒன்று உண்டு: பழைய ஆயில் பம்ப். அதன் உடல் துத்தநாகக் கலவை. யாரோ ஒருவர் நட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கியிருந்தால் போதும், முகம் வளைந்துவிடும். பார்வைக்குத் தெரியாது.

புதுத் தயாரிப்பில் இரண்டு சாதி

புதிதாகச் செய்தது என்றாலே மட்டம் என்ற பேச்சு பழைய வண்டிக்காரர்களிடம் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் எஸ்ஆர்எம் நிறுவனம் செய்யும் ஏ10 ஆயில் பம்ப் பழைய பம்பைவிட மேல். சால்ஸ்பரியில் இருக்கும் பர்லன் நிறுவனம் அமால் பெயரிலேயே கார்புரேட்டர்களைச் செய்கிறது. உடலும் ஸ்லைடும் தேய்ந்த பழைய மோனோபிளாக்கோடு மல்லுக்கட்டுவதைவிட அங்கே புதிது வாங்கினால், வண்டி ஐடிலிங்கில் திணறாமல் சீராக ஓடும். பேரிங் என்றால் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைப் படித்து சாதாரண பேரிங் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சாதி, பெயர் இல்லாத சரக்கு. மட்கார்டு, பெட்ரோல் டேங்க், சைலென்சர், ஹேண்டில்பார், டூல்பாக்ஸ் எல்லாம் இதில் வரும். இந்தியாவில் செய்து பிரிட்டனுக்குப் போகிற டேங்குகளும் மட்கார்டுகளும் இந்த வகையில் கணிசம். சில அருமையாகப் பொருந்தும். சிலவற்றில் துளை கால் அங்குலம் தள்ளி இருக்கும், சைலென்சர் குழாயின் வளைவு ஃபுட்ரெஸ்டில் இடிக்கும். இங்கே ஒரே விதி: பெயின்ட், குரோம் எதுவும் போடுவதற்கு முன்னால் வண்டியில் மாட்டிப் பாருங்கள். டேங்கில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். பெயின்ட் அடித்த பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார்.

மரை விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏ10-இல் பெரும்பாலும் சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. அலுமினியத்துக்குள் போகும் இடங்களில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை. பின்னாளில் வந்த யுஎன்எஃப் மரை 5/16 அளவில் 24 சுற்று. 26 சுற்று நட்டில் 24 சுற்று போல்ட் இரண்டு சுற்று வரை கையாலேயே ஏறும். அடுத்து ஸ்பேனர் போட்டால் இரண்டும் பாழ். இதைக் காக்க ஒரு மரை அளவி போதும், சட்டைப்பையில் அடங்கும். பளபளக்கிறது என்பதற்காக சக்கர ஸ்பிண்டிலுக்கும் பிரேக் கம்பிக்கும் ஏதோ ஒரு ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டைப் போடாதீர்கள்.

கையில் இருப்பதைச் சரிசெய்வது

விளம்பரம் இல்லாத வழி என்பதால் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் வழி. ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். உள்ளே கடிகார இயக்கம். முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, படிப்படியாகத் தாவும். அதே முகத்தோடு வரும் புது நகல்களில் பல வேறு இயக்கத்தில் ஓடுபவை, ஆயுளும் குறைவு. பழையதைச் சுத்தம் செய்து அளவு திருத்தித் தரும் கைவினைஞர்கள் பிரிட்டனில் இன்னும் இருக்கிறார்கள். அனுப்புங்கள், காத்திருங்கள்.

கிராங்கை ஒரு பக்கம் தாங்கும் உலோக வளையமான டைமிங் பக்க புஷ்தான் ஏ10-இன் உயிர்நிலை. கனெக்டிங் ராடுகளின் அடி முனைகளான பிக் எண்டுகளுக்குப் போகும் எண்ணெய் இந்த புஷ் வழியாகத்தான் கிராங்குக்குள் நுழைகிறது. புஷ் தேய்ந்தால் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து அழுத்தம் விழும். கடைசியில் கனெக்டிங் ராட் கிராங்க்கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும். புஷ் வாங்கினால் மட்டும் போதாது. கேஸில் இறக்கிய பிறகு, எதிர்ப்பக்க பேரிங்கோடு நேர்கோட்டில், உங்கள் கிராங்கின் அளவுக்கு அதைக் கடைய வேண்டும். புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் வைத்து, எண்ணெயை கிராங்கின் முனை வழியாகச் செலுத்தும் மாற்று வேலையும் உண்டு, செலவு அதிகம். நாள்தோறும் தூரம் போகிறவர் அதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவருக்கு ஒழுங்காகக் கடைந்த புஷ், கிராங்கின் கசடுக் குழாயைத் திறந்து சுத்தம் செய்வது, நல்ல எண்ணெய், இவை போதும்.

துணைப் பொருள்கள் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கண்ணாடி, புது வகை வாங்கலாம். சாமான் பெட்டி மாட்ட விரும்பினால் அந்தக் காலத்து கிரேவன் பெட்டிகளைச் சந்தையில் தேடுங்கள். எல்இடி பல்பு வாங்கும்போது 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பிரேமோடு சேர்வது) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய டைனமோவையே வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மட்டும் மாற்றுவது இந்த வண்டிக்குச் செய்யும் நல்ல காரியங்களில் ஒன்று.

ஏ10 அல்லாதவர்களுக்கு

பிஎஸ்ஏ லட்சக்கணக்கில் விற்றதால் கடைகள் பிழைக்கின்றன. குறைவாகச் செய்த வண்டிகளுக்குக் கிளப்தான் கதி. வின்சென்ட் 1955-இல் நின்றுபோனது; அதன் கிளப் தனி உதிரி நிறுவனமே நடத்திப் பாகங்களைச் செய்விக்கிறது. ஏஜேஎஸ், மேட்ச்லெஸ் கிளப்பும் அப்படித்தான். வாங்குபவர்களே உறுப்பினர்கள் என்பதால் மட்டமான சரக்கு அங்கே நிற்க முடியாது.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் வைத்திருப்பவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. அந்த வண்டி 1955-இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் ஐம்பது வருடத்துக்கும் மேல் வார்ப்பிரும்பு சிலிண்டரோடு வெளியேறிக்கொண்டிருந்தது. ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் அதன் பாகம் அறுபடவில்லை. பல பாகங்கள் நேராகப் பொருந்துகின்றன, சிலவற்றில் அளவு மாறியிருக்கிறது. இரண்டு ஊர் வண்டிக்கும் சேர்த்து விற்கும் பிரிட்டிஷ் கடைகள் எது எதற்கு என்று தெளிவாகச் சொல்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்காக பிஎஸ்ஏ ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த எம்20 வண்டிகளில் சில நம் ஊரிலும் தங்கிவிட்டன. அதை வைத்திருப்பவர் எடை குறைந்த ஜெட், கேஸ்கெட், பாயிண்ட் செட், கண்டென்சர் ஆகியவற்றை பிரிட்டனிலிருந்து தபாலில் வரவழைக்கலாம். மட்கார்டு, ஸ்டாண்டு, சைலென்சர் குழாய் போன்ற கனமானவற்றுக்கு அனுப்பும் செலவும் சுங்கமும் பாகத்தின் விலையையே தாண்டிவிடும். பழையதை மாதிரிக்குக் கொடுத்து இங்கேயே செய்துகொள்ளுங்கள். லேத்துக்காரரிடம் மட்டும் அங்குலத்துக்கு 26 சுற்று என்று எழுதியே கொடுங்கள்.