சி++ இட்டரேட்டர் ஒப்பீட்டுக் குறிகள்: பல மாம்பழ சீசன்களுக்குப் பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடை மென்பொருளைப் பல சீசனாகப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சி++ நிரல்மொழியில். லாரிப் பதிவுகளை லூப் போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றி வருவதுதான் அதில் பாதி வேலை. அப்போது எந்தப் பதிவில் நிற்கிறோம் என்று காட்டுவதுதான் இட்டரேட்டர்.

பதிவுகளை வைக்கும் கொள்கலன்களில் வெக்டர், டெக் இரண்டின் இட்டரேட்டர்களுக்கும் < உண்டு. லிஸ்ட், மேப், செட் ஆகியவற்றுக்கு ==, != மட்டும்தான். சங்கிலி போலக் கோத்த லிஸ்டில் எது முன்னால் இருக்கிறது என்று தெரிய, கணு கணுவாக நடந்தே பார்க்க வேண்டும். அந்தச் செலவை ஒரு சின்னக் குறிக்குள் மறைக்காமல், கம்பைல் செய்யும்போதே முடியாது என்று சொல்லிவிடுகிறது சி++ நூலகம். புதிதாக வரும் பிள்ளைகள் இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த குணம். ராத்திரி முழுக்கப் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கும் நாட்களில், மெதுவான லூப் எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது.

சரி, லூப்பில் != போடுவதா, < போடுவதா? லோடு எடை, காலி வண்டி எடை என்று இரண்டிரண்டாகத் தாவும்போது < பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. முடிவைத் தாண்டி இட்டரேட்டரை நகர்த்துவதே விதிமீறல். அப்புறம் எந்தக் குறியால் ஒப்பிட்டாலும் விடைக்கு உத்தரவாதம் கிடையாது. தாவுவதற்கு முன்பே எத்தனை மிச்சம் என்று கழித்துப் பார்க்க வேண்டும். சி++20 பதிப்பில் வந்த, இட்டரேட்டரை நகர்த்தும் ரேஞ்சஸ் அட்வான்ஸிடம் (std::ranges::advance) எல்லையையும் சேர்த்துக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும், லிஸ்டிலும் கூட. நான் அதற்கே மாறிவிட்டேன்.

அதே சி++20 இன்னொரு பாரத்தையும் இறக்கியது. வெக்டருடையதைப் போலச் சொந்தமாக இட்டரேட்டர் எழுதினால் முன்பு ஆறு ஒப்பீட்டுக் குறிகளையும் எழுத வேண்டும். இப்போது ==, <=> (முன்னா, சமமா, பின்னா என்று சொல்வது) இரண்டும் போதும், மற்றதைக் கம்பைலரே வருவித்துக்கொள்ளும்.

ஒரே மனக்குறை, வெவ்வேறு வெக்டர்களின் இட்டரேட்டர்களை ஒப்பிட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது. லூப் ஓடும்போதே புதுப் பதிவு சேர்ந்து வெக்டர் நினைவகத்தில் இடம் மாறினால், எடுத்து வைத்திருந்த பழைய முடிவோடு ஒப்பிடுவதும் அதே கதைதான். இரண்டையும் ஜிசிசி கம்பைலரின் டீபக் மோட் (பிழை தேடும் முறை) ஓட்டத்தில் பிடித்துக் கொடுக்கும். வேகம் நன்றாகவே குறையும் என்பதால் ஆலைக் கணினியில் அதை வைப்பதில்லை. மாங்காய் வரத்து தொடங்குமுன், போன சீசனின் பதிவுகளை அந்த மோடில் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே புதுப் பதிப்பைக் கொடுக்கிறேன்.