உயரக் கால் சோலார் ஸ்டிரக்சர்: கடலோர வீட்டுக்கு ஏற்றதா?

சோலார் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், அந்தப் பேனலை அத்தனை ஆண்டும் தாங்க வேண்டிய ஸ்டிரக்சரைப் பற்றி விலைப்பட்டியலில் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. திருவான்மியூரில், உப்புக் காற்று படும் எங்கள் மொட்டை மாடியில், 3 கிலோவாட் அமைப்புக்காக நிறுத்திய உயரக் கால் ஸ்டிரக்சரைப் பற்றியது இந்த மதிப்புரை.

தரையோடு ஒட்டிய குட்டைக் கால் வகை விலை மலிவு. காற்றுக்கும் குறைவாகவே ஆட்படும். ஆனால் பேனல் பரப்பும் இடம் முழுவதும் நமக்கு இல்லாமல் போய்விடும். துளையே போடாமல் கான்கிரீட் கட்டைகளின் எடையால் நிற்கும் வகை, ஒழுகலுக்கு அஞ்சுகிறவர்களைக் கவரும். எனினும் 2016 டிசம்பரில் வார்தா புயலைப் பார்த்த ஊரில், வெறும் எடையை நம்பிப் பேனலை விட என் மனம் ஒப்பவில்லை. தகரக் கூரைக்கு உரிய குறுந்தண்டவாள வகை எங்களுக்குப் பொருந்தாது.

உயரக் கால் வகையில் ஆறு பேனல்களுக்கு அடியில் ஏறத்தாழ 165 சதுர அடி நிழல் கிடைக்கிறது. துணி உலர்த்துவதும், தண்ணீர்த் தொட்டிக்குப் போய்வருவதும் முன்போலவே நடக்கின்றன. தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு வைத்திருக்கிறார்கள். 13 டிகிரி அட்சரேகையில் உள்ள சென்னைக்கு இது போதும். மழைநீர் தூசியோடு வழிந்துவிடும், காற்று தூக்கும் விசையும் குறையும்.

என் கவலையெல்லாம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சைப் பற்றியதுதான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பில் பூச்சு 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு இருக்க வேண்டும். பூசிய தகட்டை மடித்துச் செய்யும் மலிவு ரகத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். பார்வைக்கு இரண்டும் வெள்ளியாக மின்னும் என்பதால், பூச்சின் தடிமனைக் காட்டும் பூச்சுமானி வைத்து அளந்து காட்டச் சொல்வதே வழி. எங்களுக்கு முதலில் வந்த குறுக்குச் சட்டங்கள் மலிவு ரகமாக இருந்ததால் திருப்பி அனுப்பினோம். தூண்கள் சரியானவைதாம், ஆனால் மாடியில் வைத்து வெட்டிய ஒரு தூணின் விளிம்பில், முதல் பருவமழை முடிவதற்குள் விரல் அகலத்துக்குச் செந்துரு படர்ந்துவிட்டது. அளவெடுத்து வெட்டுவதும் துளையிடுவதும் பூச்சுக்கு முன்பே பட்டறையில் முடிந்துவிட வேண்டும். தவிர்க்க முடியாமல் மாடியில் வெட்டினால், அன்றைக்கே துத்தநாகச் சத்து மிகுந்த பெயிண்ட் அடிக்க வேண்டும்.

அடித்தளத்தில் குறையில்லை. தட்டோட்டை எடுத்துவிட்டுத் தளத்தோடு பிணைத்துக் கான்கிரீட் பீடம் கட்டி, சுற்றிலும் நீர்க்காப்புப் பூசியதால் ஒழுகல் இல்லை. இந்தியத் தரநிலை சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதற்குக் கணக்கிட்ட வடிவமைப்புத் தாளைக் கட்டுமானப் பொறியாளர் கையொப்பத்தோடு கேட்டு வாங்குங்கள்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் எந்த ஸ்டிரக்சருக்கும் ஒன்றே. உயரத்துக்கான கூடுதல் செலவு நம்முடையது. மாடியைப் புழங்குகிற குடும்பத்துக்கு அந்தச் செலவு தகும், புழங்காதவர்களுக்குக் குட்டைக் காலே போதும். ஒன்று மட்டும் எங்களுக்கு இடைஞ்சல்: தலைக்கு மேல் இருக்கும் பேனலைத் துடைக்க எட்டவில்லை. இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடைபலகையும், ஏறுவதற்கு நிலையான ஏணியும் ஆர்டரிலேயே எழுதி வாங்குவது நல்லது.