ட்யூப் ஆம்ப் ரிப்பேருக்கு 23,500 ரூபாய் தண்டம் அழுத கதை

கடைப் பெயரைப் போடப் போவதில்லை, அதனால் இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். என்னிடம் ஆதாரம் என்று இருப்பது ஒரு துண்டுச்சீட்டு. அதில் பேனாவால் ட்யூப் செட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், சர்வீஸ் என்று கிறுக்கி, கீழே 23,500 என்று வட்டம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் ட்யூப் ஆம்ப் (கண்ணாடி வால்வில் ஓடும் கிடார் ஆம்ப்ளிஃபயர், ட்யூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான்) வைத்திருப்பவர்களே கொஞ்சம் பேர், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர். அடுத்துப் போய் மாட்டப்போவது இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகத்தான் இருக்கும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 40 வாட் காம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வு 6எல்6 இரண்டு, கிடார் சிக்னலைப் பெருக்கும் சின்ன வால்வு 12ஏஎக்ஸ்7 மூன்று, ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், கிட்டத்தட்ட இருபது கிலோ. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய நண்பனிடம் 2016இல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் சர்ச் கொயர், மாதத்துக்கு ஒன்றிரண்டு மெல்லிசைக் கச்சேரி, இவ்வளவுதான் அதற்கு வேலை. கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது படுத்த ஆரம்பித்தது. முதல் இருபது நிமிடம் ராஜா மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று சத்தம் பாதியாக இறங்கி, யாரோ ஸ்பீக்கர் மேல் கம்பளி போட்டு மூடியது போல ஆகிவிடும், ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) சில நாள் இருக்கும் சில நாள் இருக்காது. ஓங்கி ஒரு ஈ கார்டு அடித்தால் படக்கென்று திரும்பி வரும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நோய் என்ன என்பதை அதுவே சொல்லிவிட்டது, எனக்குத்தான் அப்போது கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஆம்ப்பைத் திருப்பி வைத்து, ஸ்பீக்கர் ஜாக்கைப் பிடுங்கி கீழே போட்டுவிட்டு, பவரைப் போட்டு, ஸ்டாண்ட்பை ஸ்விட்சையும் போட்டு, வால்வுகளை உற்றுப் பார்த்தார். ட்யூப் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது, இது பெட்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அந்த நிமிடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பெரிய மனிதர், நமக்குத் தெரியாத ஏதோ முறை போல என்று நினைத்துச் சும்மா இருந்தேன். இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. "டிரான்ஸ்ஃபார்மர் போச்சு சார். ட்யூப் செட்டும் காலி. எல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணும்." மீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை. எட்டாயிரம் முன்பணம்.

மூன்று வாரம் கழித்து மீதிப் பணத்தைக் கட்டி எடுத்து வந்தேன். கடையில் வால்யூம் 2இல் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டினார்கள், அருமையாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து வரும் வியாதியை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்த என் புத்தியை என்ன சொல்ல. பழைய வால்வுகளைக் கேட்டதற்கு, "அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு சார், உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தார்.

வீட்டில் இருபத்தைந்தாவது நிமிடம், அதே கம்பளி.

திரும்பக் கொண்டுபோனால் "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்ல, ஸ்டெபிலைசர் வாங்குங்க" என்றார். வாங்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனில் பிடித்தபோது குற்றவாளி என்னுடைய கேபிள். அதற்கடுத்த வாரத்திலிருந்து போனை எடுப்பதில்லை. இதற்கிடையில் ஒரு நாள் ராத்திரி வாசித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கச் சுவரில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது, எட்டிப் பார்த்தால் ஒரு 6எல்6இன் உள்ளே இருக்கும் தகடு அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி பழுத்துக்கொண்டிருக்கிறது, நான் சுவிட்சுக்குப் போவதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது. வால்வுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய இழை எரிவது இயல்பு. வெளித்தகடே சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

அப்போதுதான் கொயரில் பாடும் ஒருவர் தன் மாமனாரைப் பற்றிச் சொன்னார். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக், சினிமா கொட்டகை ஆம்ப்ளிஃபயர்களும் பார்த்தவர், வயது எண்பதுக்குப் பக்கம். கிடார் ஆம்ப் அவர் அதிகம் பார்த்ததில்லை. "வால்வு வால்வுதான தம்பி, கொண்டு வா" என்றார்.

ஐயா முதலில் ஆம்ப்பைத் திறக்கவே இல்லை. புது ஃப்யூஸ் போட்டு, பின்னால் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று இரண்டு ஓட்டை இருக்கிறதே, அந்த இரண்டையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணைக்கச் சொன்னார். என் கையில் கிடாரைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, இவர் பின்னால் உட்கார்ந்து வால்வுத் தகடுகள் மேலேயே கண்ணாக இருந்தார். அரை மணி நேரம் ஆனது, சத்தம் இறங்கவில்லை. கேபிளைப் பிடுங்கினோம், ஐந்து நிமிடத்தில் இறங்கியது. விஷயம் இவ்வளவுதான். அந்த ஓட்டையில் எதுவும் செருகாதபோது சிக்னல் உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகட்டு ஸ்விட்ச் வழியாகப் போகிறது, வருடக்கணக்கில் யாரும் எதுவும் செருகாததால் அதில் களிம்பு ஏறிவிட்டது. ஓங்கி அடிக்கும்போது சிக்னல் அந்தக் களிம்பைத் தாண்டிவிடும், அதனால்தான் ஈ கார்டுக்குத் திரும்பி வந்தது. கான்டாக்ட் கிளீனரை அடித்து ஜாக்கைப் பத்து தடவை உள்ளே வெளியே செருகி எடுத்தால் தீர்ந்தது. இந்த இரண்டு ஓட்டைக்கு எஃபெக்ட்ஸ் லூப் என்று பெயர், அது இருக்கிற எந்த ஆம்ப்பிலும் சத்தம் இப்படி வந்து வந்து போனால் முதலில் இந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், ஒரு பைசா செலவில்லை.

கரகரப்புக்கும் கிணுகிணுப்புக்கும் அவர் செய்த சோதனையும் எளிது. ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். எதைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறதோ அது சந்தேகக் கேஸ். அணைத்து, ஆறவிட்டு, அதையும் பக்கத்து 12ஏஎக்ஸ்7ஐயும் இடம் மாற்ற வேண்டும். சத்தம் வால்வோடு நகர்ந்தால் வால்வில் கோளாறு, இடத்திலேயே இருந்தால் போர்டில். எனக்கு மூன்றுமே சுத்தமாக இருந்தன. அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் நான் பணம் கட்டியிருந்தேன்.

ஆம்ப்பின் உள் பெட்டியான சேஸிஸைக் கழற்றியது அவர்தான், நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். நீங்களும் அப்படியே நில்லுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லப் போதும். அவர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரெசிஸ்டர் கோத்த வயரால் ஒவ்வொரு கண்டன்சரையும் இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட்டார்.

உள்ளே பார்த்ததும் அவர் சொன்னது, "தம்பி, இந்த டிரான்ஸ்ஃபார்மரை யாரும் தொடவே இல்ல." போல்ட்டின் மேல் கம்பெனி வைத்த பெயின்ட் புள்ளி உடையாமல் இருந்தது, சுற்றிலும் வருஷக்கணக்கான தூசி. வயரெல்லாம் பழைய சால்டரிலேயே. நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் ஓம் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஏறக்குறைய சமம், ஸ்பீக்கர் பக்கமும் சரி. அதாவது போகாத டிரான்ஸ்ஃபார்மர், மாற்றாத டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பதினொன்றாயிரம்.

ரிவெர்ப் வந்து போனதற்குக் காரணம் வேறு. 470 ஓம், 5 வாட், வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வோல்டேஜைக் குறைத்து ரிவெர்ப் ஐசிக்கும் சேனல் மாற்றும் ரிலேவுக்கும் கொடுப்பவை அவைதான். எந்நேரமும் கொதித்துக்கொண்டிருப்பதால் போர்டில் அவற்றின் சால்டர் விண்டு போயிருந்தது. பழையதை உறிஞ்சி எடுத்து, ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, புது சால்டர் வைத்தார். பத்து நிமிட வேலை.

சரி, புது வால்வுகளுக்கு வருவோம். இரண்டு 6எல்6இலும் பிராண்ட் எழுத்து தேய்க்கப்பட்டிருந்தது. ஒன்றின் தலையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு ஓரங்களில் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது, கால் பின்களில் கழற்றி மாட்டிய கீறல், உள்ளே தகடு இரண்டிலும் இரண்டு வடிவம். இதற்குப் பெயர் ஜோடியாம். மீட்டர் வைத்து ஓய்வு கரன்ட் (வாசிக்காதபோது வால்வில் ஓடுவது) பார்த்தால் ஒன்று 24 மில்லி ஆம்பியர், மற்றது 78. 420 வோல்ட்டில் 78 என்றால் 32 வாட்டைத் தாண்டுகிறது, அந்த வால்வு தாங்குவதே 30 வாட். சிவக்காமல் என்ன செய்யும்? எங்கிருந்தோ கழற்றிய உருப்படி இரண்டை மாட்டி, அந்த கரன்ட்டைச் சரிசெய்யும் பயஸ் திருகைத் தொடாமல் அனுப்பியிருக்கிறார்கள். என்னுடைய ஜோடி இரண்டு வருடம்கூட ஆகாதது, ஸ்லோவாக்கியாவில் செய்தது, ஏழாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது குப்பைக்குப் போயிருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை.

வேறு ஜோடி வரவழைத்து, ஐயா பயஸ் வைத்துக் கொடுத்து, கிறிஸ்துமஸ் ஆராதனை முழுக்க ஒரு தடவைகூட இறங்காமல் ஓடியது. அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், எனக்கு அது தெரியும். ஆனால் கடைப் பெயரே இல்லாத துண்டுச்சீட்டை எங்கே கொண்டுபோய்க் காட்ட? கொடுக்கும் முன்னால் வால்வுகளைப் போட்டோ எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், பழைய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தால், எடுக்கப் போன அன்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வாசித்திருந்தால், இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்து வைத்திருந்தேன். வால்வு வாங்கின அன்றைக்கே இரண்டிலும் கறுப்பு அடிப்பாகத்தில், வழிகாட்டும் முளைக்குப் பக்கத்தில், என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். சென்னையில் யாராவது சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் 6எல்6 ஜோடி வாங்கியிருந்தால் கொஞ்சம் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், புள்ளி இருந்தால் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். வால்வை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.