ஆர்பிட்டால் நிரம்பும் வரிசைக்கு எந்தச் சார்ட் வாங்கலாம்?

அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களான ஆர்பிட்டால்கள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்பதைக் காட்ட ஸ்டேஷனரிக் கடைகளில் இரண்டு சார்ட்டுகள் கிடைக்கின்றன: அம்புக்குறி அட்டை, எஸ், பி, டி, எஃப் என்று தொகுதிவாரியாக வண்ணமிட்ட தனிம வரிசை அட்டவணை. 11ஆம் வகுப்பு வேதியியலுக்கு ஒன்றுதான் வாங்குவதென்றால் இரண்டாவதை வாங்குங்கள்.

அம்புக்குறி அட்டையில் 1எஸ், அதன் கீழே 2எஸ் 2பி, அதற்கும் கீழே 3எஸ் 3பி 3டி என்று படிக்கட்டாக எழுதி, வலது மேலிருந்து இடது கீழாகச் சாய்ந்த அம்புகள் போட்டிருக்கும். மேல் அம்பிலிருந்து படித்தால் 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி என்று வரிசை சரியாக வரும். ஒரே அம்பில் இருப்பவற்றுக்கெல்லாம் இரண்டு குவாண்டம் எண்களின் கூடுதல் (என்+எல்) ஒன்றே. என் என்பது ஆர்பிட்டாலின் பெயரில் முன்னால் வரும் எண்; எல் என்பது எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, எஃப்-க்கு 3. 3டி 3+2, 4பி 4+1, 5எஸ் 5+0, மூன்றும் 5. கூடுதல் சமமானால் என் சிறியது முதலில் நிரம்பும். இந்தக் காரணத்தை அச்சிடாத அட்டை வெறும் மனப்பாடப் படம்தான்.

சிக்கல் தேர்வறையில் வருகிறது. படத்தை நினைவிலிருந்து வரைய வேண்டும். பத்திகள் நேராக அமையாவிட்டால் அம்பு பக்கத்துப் பெட்டிக்குத் தாவிவிடும். அம்பைத் தலைகீழாகப் படித்தால் 2பி-க்கு முன்பே 3எஸ் வந்து நிற்கும்.

வண்ண அட்டவணையில் வரைய எதுவுமில்லை, கட்டத்துக்கு ஓர் எலக்ட்ரான் என்று கட்டங்களை எண்ணினால் போதும். எஸ் 2 கட்டம், பி 6, டி 10, எஃப் 14. எஸ், பி இரண்டுக்கும் வரிசை எண்ணே என். டி-க்கு ஒன்று குறைக்க வேண்டும், எஃப்-க்கு இரண்டு. இரும்பு நான்காம் வரிசையில் எட்டாவது கட்டம்: 4எஸ்-இல் 2, 3டி-யில் 6. காரீயம் ஆறாம் வரிசை: 6எஸ்-இல் 2, 4எஃப்-இல் 14, 5டி-யில் 10, 6பி-யில் 2. ஐந்தாம் வரிசையின் கடைசியான செனானின் 54 எலக்ட்ரான்களைச் சேர்த்தால் 82, கணக்கு சரி.

வாங்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஹீலியத்துக்கு எஸ் தொகுதியின் வண்ணம் இருக்க வேண்டும். அது நியானுக்கு மேலே இருப்பதால் பல சார்ட்டுகள் அதற்கும் பி வண்ணத்தையே பூசிவிடுகின்றன. கீழே தனியாக அச்சிட்ட எஃப் வரிசையில் 15 கட்டமும் ஒரே வண்ணமென்றால் எண்ணிக்கை ஒன்று கூடி, காரீயம் தப்பாக வரும். மூன்றாவது, விதிவிலக்குகள். குரோமியம் 3டி-யில் 5, 4எஸ்-இல் 1. தாமிரம் 3டி-யில் 10, 4எஸ்-இல் 1. பல்லேடியத்தில் 4டி-யில் 10, 5எஸ் காலி. இதோடு நயோபியம், மாலிப்டினம், ருத்தேனியம், ரோடியம், வெள்ளி என்று 4டி வரிசையில் பத்தில் ஆறு விதியை மீறுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் எலக்ட்ரான் அமைப்பை அச்சிட்ட சார்ட்டில் இவை கண்ணெதிரே இருக்கும். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

இரண்டு சார்ட்டுமே சொல்லாதது அயனிகளைப் பற்றி. இந்த வரிசை நடுநிலை அணுவுக்கு மட்டும்தான். இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும்போது கடைசியில் நிரம்பிய 3டி-யிலிருந்து எடுக்கக் கூடாது. 4எஸ்-இல் உள்ள இரண்டும் முதலில் போகும்; 3டி-யில் ஆறும் அப்படியே இருக்கும். சார்ட்டின் ஓரத்தில் இதைப் பேனாவால் எழுதி வையுங்கள்.