கம்ப்ரசரா, ஜியோலைட்டா: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு எந்த ஈரநீக்கி?

விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 90 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், அலமாரியிலுள்ள பட்டுப்புடவையின் மடிப்பில் பூஞ்சை வாடை எழுந்த பிறகே பலரும் ஈரநீக்கியைத் தேடுகிறார்கள். கம்ப்ரசர் வகை, குளிர்ந்த சுருளில் காற்றைப் படவிட்டு ஈரத்தை நீராக வடிப்பதால், 30 டிகிரி வெப்பத்தில் குறைந்த மின்சாரத்திலேயே நிறைய நீரை இறக்கிவிடும். எடையும் இரைச்சலும்தான் அதன் குறை. ஈரத்தை உறிஞ்சும் ஜியோலைட் என்னும் கனிமம் கொண்ட வகை தூக்க இலகுவானது என்றாலும், உறிஞ்சிய ஈரத்தை வெளியேற்ற உள்ளே ஹீட்டர் இயங்குவதால் அறை புழுங்கும், அது குளிர்நாட்டுக்குரியது. நான் முன்னதையே சொல்வேன். எதை வாங்கினாலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியில் படிந்த சாம்பல்நிறத் தூசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். தொட்டி நீரை அன்றாடம் கொட்டிவிட வேண்டும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயமளவு நீரே போதும்.